வயதான மாமனார் மாமியாருடன் கரீபியன் கப்பல் பயணம்: குமரி மாவட்டத்திலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் மாமனாருக்கு வயது 74, மாமியாருக்கு 69. தக்கலைக்கு அருகில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் இருக்கும் நாத்தனாரைப் பார்க்கப் போகும்போது, அப்படியே ஒரு கரீபியன் கப்பல் பயணத்தையும் முடித்துக்கொண்டு வரலாம் என்று முடிவு செய்தோம். முதலில் மலிவான கப்பலைப் பிடித்துவிடுவோம், விசா, மருந்து, காப்பீடு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினோம். அந்த வரிசை தலைகீழானது என்று தெரிவதற்குள் 1,000 டாலர் கையை விட்டுப் போய்விட்டது. நீங்கள் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பயண நாளுக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள். பத்து மாதத்துக்குக் குறைந்தால் ஏதாவது ஓர் இடத்தில் மூச்சுத் திணறும்.

1. முதலில் மருத்துவர், அதன் பிறகு ஒரு நாள் கன்னியாகுமரி

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இருவரையும் அழைத்துச் சென்று, நீண்ட விமானப் பயணம், ஒரு வாரக் கடல் பயணம் இரண்டும் அவர்களுக்குத் தாங்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். சரி என்றால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நோய்களின் பெயரும், மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப்பெயரும், அளவும் இருக்க வேண்டும். நம் ஊர் மருந்துக் கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டு அங்குள்ள மருத்துவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதற்கான அட்டையையும் அண்மையில் எடுத்த ஈசிஜியின் படத்தையும் தொலைபேசியில் வைத்திருக்க வேண்டும். கப்பலில் நெஞ்சுவலி என்று போனால், பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மருத்துவருக்குப் பெரிய உதவி.

அடுத்தது ஒத்திகை. இதை நாங்கள் தாமதமாகச் செய்தோம், நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள். இருவரையும் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்று, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய் வாருங்கள். வரிசையில் நிற்பது, படிகளில் இறங்குவது, ஆடும் படகில் காலை எடுத்து வைப்பது ஆகிய மூன்றும் கரீபியனில் அப்படியே வரும். படகுத்துறையில் என் மாமியார் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, “மக்ளே, கீழ பாத்தா தலை கறங்குது, நான் இங்கனயே நிக்கேன்” என்று சொன்ன அந்த ஒரு நிமிடத்தில், எந்தத் துறைமுகங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது.

பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற மிகப் பெரிய கப்பலின் நீளமோ ஏறத்தாழ 365 மீட்டர். கப்பலின் பின்கோடியில் அறையும் முன்கோடியில் நாடக அரங்கும் அமைந்துவிட்டால், அந்தப் பாலத்தை நான்கு முறைக்கு மேல் கடக்கும் தூரத்தை ஒரு நாளில் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். பாலத்தை இரண்டு முறை கடந்ததும் உட்கார இடம் தேடுபவர்களுக்கு நடுத்தர அளவிலான கப்பலே போதும்.

2. பாஸ்போர்ட்டும் பெயரும்

பயணம் முடிந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். ஓராண்டு கையில் இருக்கும்போது தட்கல் தேவையில்லை.

நம் பக்கத்து முதியவர்களுக்கு உண்மையான சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவும், சொந்தப் பெயரும் தந்தை பெயரும் ஒரே வரியிலும் இருக்கும். அமெரிக்க விசாவில் இதை அப்படியே விட்டால், முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்று எழுத்துகள் அச்சாகி வரும். இது தவறல்ல, விசாவும் செல்லும். ஆனால் விமானச் சீட்டு, கப்பல் சீட்டு, காப்பீடு ஆகிய ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு விதமாகப் பதிவாகி, ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டை எப்படியும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போதே இரண்டு பெயர்களையும் பிரித்து உரிய கட்டங்களில் எழுதிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அழைக்கும் பெயரையும் இனிஷியலையும் வைத்து எந்தச் சீட்டையும் பதிவு செய்ய விடாதீர்கள். எங்களுக்குப் பதிவு செய்த முகவர் மாமனாரின் பெயருக்கு முன்னால் இனிஷியலைப் போட்டுவிட்டார்; அதைத் திருத்துவதற்கு மூன்று வாரம் மின்னஞ்சல் எழுத வேண்டியதாயிற்று.

3. அமெரிக்க விசா

கரீபியன் கப்பல்களில் பெரும்பாலானவை மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் போன்ற ஃபுளோரிடா துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புகின்றன. ஆகவே அமெரிக்காவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். பலமுறை நுழைவதற்கான பி1/பி2 என்ற பார்வையாளர் விசா கட்டாயம். இந்தியர்களுக்கு இது வழக்கமாகப் பத்தாண்டுக்குத் தரப்படுகிறது.

விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். எங்கள் நால்வருக்கும் சேர்த்து 740 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்காது. 2025-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று விசாவுக்குக் கூடுதலாக 250 டாலர் வசூலிக்க வழி செய்திருப்பதால், பணம் கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் உள்ள தொகையை மட்டுமே நம்புங்கள். டிஎஸ்-160 எனப்படும் விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புவது நல்லது. முகவர் நிரப்பிக் கொடுத்த விவரம் ஒன்றும், நேர்காணலில் பெரியவர் சொல்லும் விவரம் வேறொன்றுமாக இருந்தால், அதிகாரிக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. புகைப்படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, மூக்குக் கண்ணாடி இல்லாமல்.

கைரேகைப் பதிவும் நேர்காணலும் வெவ்வேறு இடங்களில் நடப்பதால், சென்னையில் குறைந்தது இரண்டு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது; இரவு ரயிலில் மேல் படுக்கையில் ஏற முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செல்லும் அந்த ரயில் உதவும். 79 வயதைக் கடந்தவர்களுக்கு முன்பு இருந்த நேர்காணல் விலக்கு 2025 செப்டம்பர் 2 முதல் இல்லை என்பதால், வீட்டில் அந்த வயதுக்காரர் இருந்தாலும் சென்னைக்கு வரத்தான் வேண்டும். துணைத் தூதரகத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. பெரியவர்கள் வெளியே வந்ததும் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகையில் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. மாமனார் முப்பது ஆண்டுகள் தம் ரப்பர் மரங்களில் தாமே பால் வெட்டியவர்; விரல் நுனி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. இயந்திரம் நான்கு முறை மறுத்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, அன்று காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தால் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம் என்று பிறகுதான் தோன்றியது.

நேர்காணலைத் தமிழிலேயே தரலாம். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது, திரும்பி வந்து இங்கே என்ன செய்வீர்கள் என்பவைதான் கேள்விகள். ஓய்வூதியப் புத்தகம், வங்கிக் கணக்கு, நிலத்தின் தீர்வை ரசீது ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கட்டும். எங்களிடம் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்றாலும், கையில் கோப்பு இருந்தது மாமியாருக்குத் தைரியமாக இருந்தது. மகளைப் பார்க்கப் போகிறோம், ஒரு வாரம் கப்பலில் போகிறோம் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எந்த முன்பதிவையும் செய்யாதீர்கள். இன்னொன்று: மகன் அல்லது மகள் வீட்டில் ஏற்கெனவே தங்கியிருக்கும் பெற்றோர், கப்பலில் போய்த் திரும்பினால் ஐ-94 எனப்படும், அங்கே தங்க அனுமதித்த கெடு புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. அருகிலுள்ள தீவுகளுக்கு 30 நாளுக்குள் போய் வருபவர்களுக்குப் பொதுவாகப் பழைய கெடுவே தொடரும்.

4. கப்பலைப் பார்க்கும் முன் துறைமுகப் பட்டியலைப் பாருங்கள்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். பள்ளிப் பாடத்தில் படித்த பனாமா கால்வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மாமனாரின் நெடுநாள் ஆசை. கொலம்பியாவின் கார்த்தஹேனா, பனாமாவின் கொலோன் ஆகிய துறைமுகங்களைத் தொடும் கப்பல் ஒன்றை முகவர் காட்டினார். விலையும் குறைவாக இருந்தது. ஆளுக்கு 250 டாலர் முன்பணம் கட்டினோம். இரண்டு மாதம் கழித்துத்தான், அந்த இரு நாடுகளும் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பது தெரியவந்தது.

அதன் பொருள் இதுதான்: அத்தகைய நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவுக்கு வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். இளையவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். ஆனால் இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி என்பதால், 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வரும் வாய்ப்பு கூடுதல். அவசியமில்லாத ஒரு சுற்றுலாவுக்காக இதை உங்கள் பெற்றோருக்குப் போட நான் பரிந்துரைக்க மாட்டேன் என்று எங்கள் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பதிவை ரத்து செய்யப் போனபோது, முன்பணம் திரும்பாத வகைக் கட்டணத்தில் முகவர் எங்களைச் சேர்த்திருந்தது தெரிந்தது. நால்வருக்கும் சேர்த்து 1,000 டாலர் அப்படித்தான் போயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய பின் அமெரிக்காவிலேயே ஒரு வாரத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு இந்த ஆறு நாள் கணக்கு பிரச்சினையாகாது. இறங்கிய மறுநாளே விமானம் ஏற நினைப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். டிரினிடாட் தீவும் இதே பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, கப்பல் கரையோரம் கட்டப்படுமா, அல்லது நடுக்கடலில் நங்கூரமிட்டு டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கரை சேர்ப்பார்களா என்பது. கிராண்ட் கேமன், பெலிஸ் நகரம் இரண்டும் டெண்டர் துறைமுகங்கள். அலை கொஞ்சம் எழுந்தாலும் கப்பலின் பக்கவாட்டுக் கதவும் படகும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கும். அந்த இடைவெளியில் காலை எடுத்து வைக்க வேண்டும். கன்னியாகுமரிப் படகுத்துறையில் தயங்கியவர்கள் அங்கே கட்டாயம் தயங்குவார்கள். பேட்டரியில் ஓடும் கனத்த சக்கர நாற்காலிகளைப் பெரும்பாலும் டெண்டரில் ஏற்றுவதில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு தீவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உரிய விதி. சான் ஹுவான் இருக்கும் போர்ட்டோ ரிக்கோவும், செயின்ட் தாமஸ் இருக்கும் வெர்ஜின் தீவுகளும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகள் என்பதால் தனி விசா வேண்டாம். மெக்சிகோவின் கோசுமெல் துறைமுகத்துக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவே போதும். ஜமைக்கா, பார்படோஸ், கிரெனடா ஆகியவை இந்தியர்களை விசா இல்லாமலே அனுமதிக்கின்றன. மற்றவற்றுக்குக் கப்பல் நிறுவனத்திடம் துறைமுகங்களின் பெயரை வரிசையாக எழுதி, “நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட், பலமுறை நுழையும் அமெரிக்க விசா வைத்திருக்கிறோம், இவற்றில் எதற்காவது தனி விசா வேண்டுமா” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையாகச் சொல்வது கப்பல் ஏறும் இடத்தில் செல்லாது. உரிய விசா இல்லாத பயணியை ஏற்ற மறுக்கும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு, பணமும் திரும்பாது.

கடைசியில் நாங்கள் எடுத்தது ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் போய்த் திரும்பும் ஏழு இரவுக் கிழக்குக் கரீபியன் பயணம். மூன்று இடத்திலும் கப்பலைக் கரையிலேயே கட்டினார்கள், அதிகக் காகித வேலையும் இல்லை. மாமனாரின் பனாமா கால்வாய்தான் விட்டுப்போயிற்று. அதை அவர் இன்றும் எப்போதாவது நினைவூட்டுகிறார்.

5. மாதம்

கரீபியனில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் உச்சம். அந்த மாதங்களில் கட்டணம் குறைவதைப் பார்த்து மயங்க வேண்டாம். புயல் வந்தால் துறைமுகத்தையே மாற்றிவிடுவார்கள், விசாவுக்கும் தடுப்பூசிக்கும் நீங்கள் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலையும் கூட்டமும் அதிகம், மார்ச்சில் கல்லூரி மாணவர்களின் விடுமுறைக் கூட்டம். பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி நடுவரை உள்ள காலம் பெரியவர்களுக்கு மிகவும் ஏற்றது.

6. கேபின்

கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள கேபின் குறைவாக ஆடும். மின்தூக்கிக்கு அருகில் இருக்கட்டும், ஆனால் அதை ஒட்டியே வேண்டாம், இரவெல்லாம் பேச்சுச் சத்தம் கேட்கும். கேபின் எண்ணை நிறுவனமே ஒதுக்கும் ‘கேரன்டி’ வகைக் கேபின் மலிவுதான். ஆனால் மூட்டுவலி உள்ளவர்களை எந்தக் கோடியில் போடுவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. எண்ணைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.

சன்னல் இல்லாத உட்புறக் கேபினைப் பெரியவர்களுக்கு எடுக்காதீர்கள். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத முழு இருட்டு. நேர மாற்றத்தில் குழம்பியிருப்பவர்கள் இரவில் எழுந்து கழிப்பறையைத் தேடித் தடுமாறுவார்கள். கழிப்பறை வாசலில் சில அங்குல உயரத்தில் ஒரு தடுப்பு இருப்பது வழக்கம், அதில்தான் கால் தடுக்கும். தடுப்பில்லாத, கைப்பிடிகள் வைத்த கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு. சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள் அவற்றை முன்னதாகவே கேட்டு வாங்க வேண்டும். படுக்கையை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லலாம், கட்டணம் கிடையாது.

ஒரே கேபினில் நால்வர் தங்கினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு கேபின்கள் எடுத்துக்கொண்டால் மாமனார் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து விளக்கைப் போடலாம், நீங்கள் எட்டு மணிவரை தூங்கலாம்.

7. காப்பீடு

காப்பீட்டை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். பாலிசியில் ஐந்து விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: அமெரிக்காவையும் சேர்த்த உலகளாவிய வகையா, கப்பல் பயணம் அதில் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் உண்டா, உண்டென்றால் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும்தானா, முதியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா, நோயாளியைத் தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு எவ்வளவு வரை. கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் முக்கியம், ஏனென்றால் சிறு தீவுகளில் பெரிய இதய சிகிச்சைக்கு வசதி இருக்காது.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்துக் குறைந்த பிரீமியத்தில் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் மருத்துவமனையில் முதலில் உங்கள் கணக்கில்தான் பணம் எடுப்பார்கள். பிறகு நீங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். மாமியாருக்கு மூன்றாம் நாள் வாந்தி நிற்காமல் போனபோது எங்களுக்கு அதுதான் நடந்தது. ரசீதோடு மருத்துவர் கையொப்பமிட்ட நோய்க் குறிப்பையும் அங்கேயே கேட்டு வாங்கியதால் ஊருக்கு வந்தபின் சிக்கல் வரவில்லை.

8. பணம்

விளம்பரத்தில் உள்ள கட்டணம் ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு உரியது. துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். நால்வருக்கு ஏழு நாளுக்கு 448 முதல் 560 டாலர் வரை. இது மாமனாருக்குத் தெரியாமல் இருந்ததால், அறையைச் சுத்தம் செய்தவருக்குத் தினமும் தனியாக ஐந்து டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்ததில் தவறில்லை, கணக்குதான் உதைத்தது. இணைய வசதி, பாட்டில் தண்ணீர், சிறப்பு உணவகம், கரையில் சுற்றிக்காட்டும் பேருந்து எல்லாவற்றுக்கும் தனிப் பணம்.

மீதித் தொகையைப் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பு கட்டச் சொல்வார்கள். அந்த நாளைத் தாண்டி ரத்து செய்தால் இழப்பு படிப்படியாகக் கூடும். ஆகவே அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு பெரியவர்களை மீண்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

இந்தியாவிலுள்ள முகவர் வழியாகத் தொகுப்புச் சுற்றுலாவாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியும் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவருக்கே கிடைக்கும். கணக்கே தாக்கல் செய்யாத மாமியாரின் பான் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

கப்பலுக்குள் எதை வாங்கினாலும் ரொக்கம் செல்லாது; முதல் நாளே ஒரு கார்டை அறைக் கணக்கோடு இணைக்க வேண்டும். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே இருக்கும் என்பதால், கிளம்பும் முன் செயலியில் அதைத் திறந்து வரம்பையும் உயர்த்திவிடுங்கள். அதற்கான ஓடிபி வரும் சிம் கடலில் வேலை செய்யாது, எனவே கடலில் போய்த் திறக்க முடியாது.

9. விமானம்

நமக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. நாகர்கோவிலிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து எமிரேட்ஸில் துபாய் வழியாகவோ கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாகவோ போனால், ஒரே ஒரு விமானம் மாறி மியாமியை அடையலாம். துபாயிலிருந்து மியாமிக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் மாற்றும் மலிவுச் சீட்டைப் பெரியவர்களுக்கு வாங்காதீர்கள்.

சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள், கட்டணம் இல்லை. நடக்க முடியும், நீண்ட தூரம் மட்டும் முடியாது என்றால் அதற்கான குறியீடு ‘டபிள்யூசிஎச்ஆர்’. படியும் ஏற முடியாது என்றால் ‘டபிள்யூசிஎச்எஸ்’. சீட்டில் சரியான குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மாமனார் முதலில் கௌரவம் பார்த்து மறுத்தார். மியாமி குடியேற்ற வரிசையைக் கண்டதும் தாமாகவே உட்கார்ந்துகொண்டார்.

கப்பல் புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் அங்கே இருங்கள். குளிர்காலத்தில் ஃபுளோரிடா நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் தூக்கம் தலைகீழாகிவிடும். இன்சுலின் போடுபவர்கள் பயண நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

10. பெட்டி

மருந்துகளைப் பயண நாட்களுக்கும் மேலாகப் பத்து நாளுக்கு, அதன் அட்டையிலேயே, கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் சுமைப் பெட்டியை ஒப்படைத்தால் அது கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம்.

மின்கெட்டில், இஸ்திரிப்பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு ஆகியவற்றைக் கப்பல் நுழைவாயிலிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். மாமியார் தம் சுக்குக் காப்பிக்காகச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்த சிறு கெட்டில் அப்படித்தான் போய், கடைசி நாள் திரும்பி வந்தது. பொடியைக் கொண்டுபோகலாம்; கொதிநீர் உணவகத்தில் எப்போதும் கிடைக்கும். வீட்டில் சமைத்ததும் இறைச்சியும் பழமும் கறிவேப்பிலையும் வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு போன்றவை கடையில் முத்திரையிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும், அமெரிக்கச் சுங்கத்தில் உணவு இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பலர் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஆளுக்கொரு சிறு பிளாஸ்டிக் கப் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கழிப்பறை காற்றழுத்தத்தில் உறிஞ்சும் வகை. ஈரத் துடைப்புத் தாளைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். இரவில் எரியும் சிறு விளக்கு ஒன்று, குளிர்சாதனத்துக்குச் சால்வை, வழுக்காத அடிப்பாகம் கொண்ட செருப்பு, அமெரிக்க வகைப் பிளக்கு இரண்டு. எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் விருந்து இரவுக்குப் பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் தாராளமாகப் போதும்.

11. கப்பலிலும் கரையிலும்

ஏறியதும் எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி நீங்களே விமானப் பயன்முறையில் போடுங்கள். கடலில் கப்பலின் சொந்தக் கோபுரத்தோடு கைப்பேசி தானாக இணைந்துவிட்டால், ஊரிலிருந்து வரும் ஒரே ஒரு அழைப்புக்கு வரும் பில் உங்களைத் திடுக்கிட வைக்கும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அறையின் சிறு குளிர்பெட்டியை நம்பாமல், மருத்துவத் தரமுள்ள குளிர்பெட்டி கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சோறும் மீனும் தினமும் இருக்கும், காரம்தான் இருக்காது. இந்திய சைவ உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிட்டு, முதல் இரவு தலைமைப் பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். மாலை ஆறு மணிப் பந்தி பெரியவர்களுக்குப் பொருத்தம்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை உண்டு. ஆனால் புராஸ்டேட் தொல்லையோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு அவற்றுள் சில ஆகாது என்பதால், ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுங்கள்.

அமெரிக்க ஆட்சிப் பகுதித் துறைமுகங்களில், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களை அதிகாலையிலேயே குடியேற்றச் சோதனைக்கு வரிசையில் வரச் சொல்லலாம். முந்தைய இரவு அறைக்கு வரும் தாளைப் படித்துவிட்டுத் தூங்குங்கள். எல்லாத் துறைமுகத்திலும் எல்லோரும் இறங்க வேண்டியதில்லை. சான் ஹுவான் பழைய நகரத்தின் நீலக் கற்கள் பதித்த தெருக்கள் அழகானவை, ஆனால் மேடும் பள்ளமும் வழுக்கலுமாக இருக்கும். மாமனார் அரைமணி நடந்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், மாமியார் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. அது அவருக்கு விடுமுறையாகத்தான் இருந்தது.

தனியாக வண்டி பிடித்துப் போனால், கப்பலின் நேரத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகத் திரும்புங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்காக மட்டுமே கப்பல் காத்திருக்கும்.

12. இறங்கும் நாள்

கடைசி இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பணியாளர்கள் எடுத்துச் சென்று மறுநாள் கரையில் தருவார்கள். இறங்கும்போது சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதற்கு முந்தின நாளே விருந்தினர் சேவை மேசையில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அன்று பிற்பகல் ஒரு மணிக்கு முன்னால் எந்த விமானத்தையும் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பல்செட் ஆகியவற்றோடு மறுநாள் உடுத்தும் ஆடையும் கைப்பையில் இருக்கிறதா என்று, பெட்டி வெளியே போகும் முன் நீங்களே திறந்து பாருங்கள். மாமியார் எல்லாச் சேலையையும் மடித்து வைத்து ஒழுங்காகப் பெட்டியை அனுப்பிவிட்டார். மறுநாள் காலை ஃபோர்ட் லாடர்டேலில் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிக்கு முன்னால் நைட்டியும் அதன் மேல் என் சால்வையுமாகத்தான் நின்றார்.